சாதாரணக் காலணி, ஒரு ஜோடி

மார்ச் 4

மதிப்பீட்டு அலுவலர் அவர்களுக்கு,

பார்சல் பிரிவிலிருந்து உங்கள் அறிவிப்பு நேற்று வந்தது. ‘பொருள்: சாதாரணக் காலணி, ஒரு ஜோடி. அறிவித்த மதிப்பு ஐயத்திற்குரியது. வாங்கிய ரசீதைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பவும்’ என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே பேனாவால் ‘தாமதித்தால் கிடங்கு வாடகையும் சேரும்’ என்று ஒரு வரி. அந்த வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. பால்காரருக்கு எழுதி வைக்கும் துண்டுச் சீட்டுக்குக்கூட ஸ்கேல் தேடுகிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அதனால் அலுவலர் யார் என்று கேட்டு உங்கள் பொன்னான நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன் என்று பதறிவிடாதீர்கள். மனைவியாக எழுதவில்லை. பார்சலைப் பெற வேண்டியவளாக எழுதுகிறேன்.

ரசீதை இணைத்திருக்கிறேன். ஆன்லைனில் வாங்கினால் அது தானாகவே வந்துவிடுகிறது. அதில் நான் எதையும் அழிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. நீங்கள் போட்ட கணக்கையும் பார்த்தேன். காலணியின் விலை, அதோடு விமானக் கூலி, அதோடு காப்பீடு. இதெல்லாம் சேர்த்து அதன்மேல் சுங்கத் தீர்வை. தீர்வையையும் சேர்த்து அதன்மேல் விற்பனை வரி. கடைசியாக, இத்தனையையும் கூட்டிப் பார்த்த களைப்புக்கு ஒரு சேவைக் கட்டணம். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை முதலாளி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ப்ளேன் பறந்ததுக்கு நீ எதுக்கு வரி கட்டணும்?” என்று கேட்டார். “நல்லவேளை சார், மேகத்துக்குள்ள பூந்து வந்ததுக்கு இன்னும் போடல” என்றேன்.

மிளகு யாரென்று நினைவிருக்கும். நீங்கள் வைத்த செல்லப் பெயர்தான். பிறந்தபோதே சின்னதாகவும் காரமாகவும் இருந்தாள் என்று வைத்தீர்கள். போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அவளுடைய இடது கால் பிறவியிலேயே கட்டை என்பதும், இடது அடி உயர்த்திய காலணி இல்லாமல் அவளால் நூறு தப்படி நேராக நடக்க முடியாது என்பதும் உங்களுக்கு மறந்திருக்கலாம். வேலைப் பளு அப்படி. இங்கே செய்து கொடுத்தவை எல்லாம் இரும்புக் கட்டியைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தன. அந்த வெளிநாட்டுக் கம்பெனி தக்கையில் செய்கிறது, கனமே தெரியாது. அதனால் வருடத்துக்கு ஒரு ஜோடி வாங்குகிறேன். ஆறு வருடமாக வரியும் கட்டுகிறேன்.

இந்த முறை அவசரம். நில அளவைப் பயிற்சிக்கு அவள் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஏப்ரல் 2 அன்று களத் தேர்வு. அளக்கும் கருவியையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கக் கரடுமுரடான நிலத்தில் நடக்க வேண்டும். பழைய ஜோடியின் இடது அடி பிளந்துவிட்டது. கடையில் இருக்கிற பசையால் மூன்று முறை ஒட்டிவிட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் வாயைப் பிளக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பார்சலிலும் டேப்பின் நுனி கால் அங்குலம் உள்ளே மடித்திருந்தது. வெளிநாட்டுக் கடைக்காரனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் மழுங்கிப்போன ஒரு சின்னப் பெண் சுலபமாகப் பிரிக்கட்டும் என்று நம் வீட்டில் நீங்கள்தான் அப்படி மடிப்பீர்கள். பெட்டி யார் மேசையில் திறக்கப்படுகிறது என்று முதல் பார்சலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

காலணியை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பெறுநர்


மார்ச் 9

மிளகின் அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கும் நீங்கள் இருவரும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ரசீது கிடைத்தது. மதிப்பு ஏற்கப்பட்டது. ஆனால் பொருளின் வகையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. என் மேசைக்கு வருவது பொருள்தான், ஆள் இல்லை. பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறேன், எடை போடுகிறேன், எந்த வகையில் சேரும் என்று பட்டியலில் தேடுகிறேன். அவ்வளவுதான் என் வேலை. உடற்குறைக்காகச் செய்த காலணிக்குத் தீர்வையும் கிடையாது, வரியும் கிடையாது. ஆனால் அதற்கு எலும்பு மருத்துவரின் சான்று வேண்டும். ஆறு பார்சலிலும் சான்று இல்லை, ஏழாவதிலும் இல்லை. சான்று இல்லாதவரை அது சாதாரணக் காலணிதான். நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் நீயும் டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் மருந்து எடுத்துத் தருவதில்லை அல்லவா?

இந்த ஜோடியின் இடது அடியை அளந்தேன். மூன்றரை சென்டிமீட்டர் இருக்கிறது. முதல் ஜோடியில் இரண்டரைதான் இருந்தது. அப்போது காலணி அளவு 34. மூன்று வருடமாக 38-லேயே நிற்கிறது, வளர்த்தி முடிந்துவிட்டது போலிருக்கிறது. நான்கு வருடம் வெறும் கறுப்பாகவே வந்தது. அப்புறம் நீலம். இந்த முறை சிவப்புக் கயிறு. சிவப்பை அவளே தேர்ந்தெடுத்தாளா? குதிகாலில் அவளுக்கு வெளிப்பக்கம் தேய்கிறதா, உள்பக்கமா? உள்பக்கம் என்றால் உயரம் போதவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் அலுவலகக் கேள்வி இல்லை.

நில அளவை நல்ல வேலை. அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு நடை மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். அவளுக்குப் பொறுமை உண்டா? சின்ன வயதில் இல்லை.

உன் போனுக்கு என் எண்ணிலிருந்து அழைப்பு போவதில்லை. எனவே கடிதம்.

மிளகின் அப்பா


மார்ச் 13

அலுவலர் அவர்களுக்கு,

நாங்கள் நலமாக இருப்போம் என்று நம்புவதாக எழுதியிருந்தீர்கள். அந்த நம்பிக்கைக்கு ரசீது ஏதும் இருக்கிறதா? அறிவித்த நலம் எனக்கு ஐயத்திற்குரியதாகத் தோன்றுகிறது.

சீட்டு இல்லாமல் நான் மருந்து கொடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் என் மகள் ராத்திரி இருமினால், “எந்த டாக்டர் சொன்னாரு நீ இருமறேன்னு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ள எனக்கு வராது. உங்களுக்கு அது வரும். அவள் பிறந்த மூன்றாம் நாள் அந்தக் காலைக் கையில் ஏந்தி முதலில் பார்த்தவர் நீங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதவரும் நீங்கள்தான். அந்தக் கால் கட்டை என்று உங்களுக்குத் தெரிவதற்கு வேறொருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாக்கும்!

அந்தச் சலுகை உங்கள் துறையின் இணையதளத்தில் எங்கே இருக்கிறது என்று இரண்டு மணி நேரம் தேடினேன். இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் உங்களுக்குத் தெரியும். ‘மருத்துவர் சான்று இருந்தால் வரி இல்லை’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். கிடங்கு வாடகையைப் பற்றி எழுத மை இருந்ததே, கோடு போட ஸ்கேலும் இருந்ததே.

நீங்கள் ஒன்றும் மாறவில்லை. என் தம்பி வெளிநாட்டிலிருந்து மிளகின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை ரயில் வாங்கி அனுப்பினான். பேட்டரி உள்ள பொருளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று பதினேழு நாள் கிடப்பில் போட்டீர்கள். பிறந்தநாளன்று அந்தக் குழந்தை ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று அன்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்கள். அதே வாரம் ஒரு பெரிய வியாபாரியின் பத்துப் பெட்டி செல்போன்கள் ‘மாதிரிகள், விற்பனைக்கு அல்ல’ என்ற பெயரில் உங்கள் மேசையைத் தாண்டிப் போயின. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வியாபாரியின் டிரைவர் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து, “செல்போன் பெட்டி பத்தும் வந்து சேந்துடுச்சு, சார் இதக் கொடுக்கச் சொன்னாரு” என்று என் கையில்தான் கொடுத்தார்.

நிறைய வாங்கியிருந்தால்கூட ஒரு பெரிய திருடனோடு குடித்தனம் நடத்தினேன் என்று பெருமைப்பட்டிருப்பேன். ஒரு கடிகாரம்! அதையும் கூடத்தில் ஆணி அடித்து மாட்டி, பெண்டுலம் நேராக ஆடுகிறதா என்று தள்ளி நின்று பார்த்தீர்கள். அன்றைக்குத்தான் மிளகின் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறதா?

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். தெரிந்தே ஏன் ஆறு வருடம் வரி போட்டீர்கள்? வரியை அலுவலகம் எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு இதில் என்ன கிடைத்தது?

பெறுநர்


மார்ச் 18

மிளகின் அம்மாவுக்கு,

கடிகாரம் ஓடுகிறது. நாளுக்கு ஐந்து நிமிடம் பிந்துகிறது.

கேட்டதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

வரி இல்லாத பார்சல் என் மேசையிலிருந்து நேராகத் தபால் பைக்குள் போய்விடும். தபால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அப்புறம் அதைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வரி போட்ட பார்சல் அப்படியில்லை. வாங்குகிறவர் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டின் பாதி எந்த மேசையிலிருந்து பார்சல் போனதோ அதே மேசைக்குத் திரும்பி வரும். எனக்குக் கிடைத்தது அதுதான்.

பார்சல்களை மேசைவாரியாகப் பிரித்து அனுப்பும் இடத்தில் இருப்பவரிடம், உன் முகவரிக்கு எது வந்தாலும் என்னிடமே அனுப்பச் சொல்லி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் என்று மட்டும் சொன்னேன். முதல் பார்சலைத் திறந்தபோது சான்று இல்லை. உனக்கு எழுதிக் கேட்கலாம் என்றுதான் தாளை எடுத்தேன். அப்போது சீட்டு நினைவுக்கு வந்தது. இந்த ஒரு முறை என்று நினைத்து வரி போட்டேன். பத்து நாளில் உன் கையெழுத்து வந்தது. தாளே கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தாய். அதன் பிறகு விட முடியவில்லை.

முதல் மூன்றும் உன் கையெழுத்து. அடுத்த மூன்றும் அவளுடையது. முதலில் உருண்டை உருண்டையாக, பேரை முழுசாக எழுதியிருந்தாள். போன வருடம் ஒரே இழுப்பு, பெரிய மனுஷி மாதிரி. ஆனால் மூன்றிலும் பேருக்கு முன்னால் முதலெழுத்து தெளிவாக இருக்கிறது. என்னுடைய முதலெழுத்து. அதை அவள் விடவில்லை. உன் கோபத்துக்கு நடுவிலும் அவள் அதை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சீட்டுகள் அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டியவை. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இருபத்தெட்டு வருட வேலையில் நான் செய்த ஒரே முறைகேடு அதுதான்.

காலணிப் பெட்டி என் மேசைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. இதைத் தபாலில் போட வேண்டாம் என்று நினைக்கிறேன். ஏப்ரல் 2 காலையில் தேர்வு நடக்கும் இடத்துக்கு நானே எடுத்து வருகிறேன். அவள் காலில் நானே போட்டுவிட்டு, அவள் நாலு அடி நடப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். வரியை நான் கட்டிவிடுகிறேன். அவளிடம் இப்போது எதையும் சொல்ல வேண்டாம், நேரில் நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த ஒன்றை மட்டும் மறுக்காதே.

மிளகின் அப்பா


மார்ச் 25

அலுவலர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். முதலாளி, “என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல சார், ஒரு பெரிய மனுஷர் பண்ணின நல்ல காரியத்தப் படிக்கிறேன்” என்றேன்.

ஒரே முறைகேடு என்று எழுதியிருக்கிறீர்கள். கடிகாரம் எந்த வகையில் சேரும்? பட்டியலில் தேடிப் பாருங்கள்.

ஒவ்வொரு வருடமும் அந்த வரியை நான் எங்கிருந்து எடுத்துக் கட்டினேன் என்று ஒரு முறையாவது யோசித்தீர்களா? ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மிளகு வீட்டில் தனியாக இருந்தாள். மகளின் கையெழுத்தைப் பார்க்கும் ஆசையில் மகளோடு நான் இருக்க வேண்டிய நாட்களைப் பிடுங்கியிருக்கிறீர்கள். வாசலுக்கு வந்து, தபால்காரர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு, “உங்க ஆபீஸ்ல எவன்யா இப்படி அநியாயத்துக்கு வரி போடறான்?” என்று ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள். உங்களைத்தான் கேட்டாள்.

அவளிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே சொல்லிவிட்டேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து, நான் எழுதிய இரண்டின் நகலையும் சேர்த்து, படிக்கச் சொன்னேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். சிரித்தாள். “அம்மா, எந்தப் பக்கம் தேயுதுன்னு கேட்டிருக்காரு பாரு. என் காலப் பத்தித் தெரிஞ்சவர்தான்” என்றாள். அப்புறம் பிளந்த காலணியை மடியில் வைத்துக்கொண்டு, அடியை அமுக்குவதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

“உனக்கு டேப் விஷயம் ஆறு வருஷமா தெரியும். என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டாள்.

அவளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களிடம் சொல்வதில் எனக்கொன்றும் வெட்கமில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். அந்த மடித்த நுனியைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மனிதர் இன்னும் முழுசாக மரத்துப்போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். வரியைத் திட்டிக்கொண்டே அந்த நுனியைக் கிழிக்காமல் பிரிப்பேன். ஒரு பார்சலிலிருந்து அந்தத் துண்டு டேப்பைத் தூக்கிப்போட மனம் வராமல் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கூட வைத்திருந்தேன். மடித்த அதே கைதான் வரியையும் எழுதியது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேண்டுமென்றே எழுதியது என்று தெரியாது. நீங்கள் வெறும் கோழை என்று நினைத்திருந்தேன். அதற்கும் கீழே ஒரு படி இருக்கும் என்று தோன்றவே இல்லை. உங்கள்மேல் இருப்பதை விட இப்போது என்மேல்தான் எனக்கு எரிச்சல் அதிகமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் மிளகு தனியாகவே எலும்பு மருத்துவரிடம் போனாள். ஒரு மணி நேரத்தில் சான்றோடு திரும்பி வந்தாள். இத்தனை வருடம் நாம் மூன்று பேரும் சுமந்தது ஒரு மணி நேர வேலைதான். அதை இதோடு இணைத்திருக்கிறேன். அவள் மேஜர் ஆகிவிட்டதால் கீழே அவளே கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டிருக்கிறாள். நீங்கள் கேட்ட கையெழுத்து, வரி இல்லாமல் கிடைத்திருக்கிறது.

முதலெழுத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆறுதல் அடைந்துவிடுவீர்களே என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மாத்தணும்னா அரசிதழ்ல விளம்பரம் குடுக்கணும், பத்தாவது சர்டிபிகேட்லேர்ந்து எல்லாத்தையும் மாத்தணும், அதுக்கெல்லாம் கட்டணம் கட்டணும். அவருக்காக நான் இன்னொரு தடவை பணம் கட்டணுமா? அதனாலதான் அப்படியே இருக்கு. பாசம்னு நினைச்சுக்க வேண்டாம்னு எழுது.” எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 2 அன்று நீங்கள் வர வேண்டாம். இது என் முடிவு இல்லை. “வரட்டுமா?” என்று நானே இரண்டு முறை கேட்டேன். முதல் முறை அவள் பழைய காலணிக்குப் பசை தடவிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் முறை, “நான் எப்படி நடக்கறேன்னு தெரியணும்னா அப்பவே கூடவே நடந்திருக்கணும். இப்ப தபால்ல போடச் சொல்லு” என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

சான்று கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் பார்சலை விடுவிக்க வேண்டும் என்று அதே இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. அதை மிளகுதான் கண்டுபிடித்தாள். இந்தக் கடிதத்தின் நகலையும் சான்றின் நகலையும் உங்கள் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறாள். அதனால் பெட்டி மேசைக்குக் கீழே இருக்க முடியாது. அவளுக்குப் பொறுமை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை.

சான்றின் அசல் கோப்பில் இருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்பதும் உங்கள் விதிதான். இந்த முறை அது கோப்பில் இருக்கிறதா என்று மேலதிகாரி பார்ப்பார். இனி வரும் ஒவ்வொரு பார்சலோடும் சான்று இருக்கும். தபால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எந்தச் சீட்டும் உங்கள் மேசைக்குத் திரும்பி வராது.

ஒன்றே ஒன்று. பெட்டியை ஒட்டும்போது டேப்பின் நுனியை மடிக்க வேண்டாம். அவள் நகம் கடிப்பதை விட்டு ஏழு வருடம் ஆகிறது.

பெறுநர்